ஈரவலய ஓடையா, உலர்வலயக் குளமா: இலங்கையின் நன்னீர் மீன்கள்

இலங்கையில் இயற்கையான பெரிய ஏரி கிடையாது. ஆற்றோரத் தாழ்நிலங்களில் தேங்கும் வில்லுகளை விட்டால், மற்றவை பெரும்பாலும் மனிதர் அணைகட்டித் தேக்கிய குளங்களே. நன்னீர் மீன் வளத்தைக் காப்பதில் குளத்துக்கு முதலிடமா, ஓடைக்கா என்று கேட்பவர் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

12ஆம் நூற்றாண்டின் பராக்கிரம சமுத்திரம் போன்ற, மழை குறைந்த உலர்வலயத்தின் குளங்கள் மீனை அள்ளித் தருகின்றன. ஆனால் ஓடும் நீருக்குப் பழகிய நம் ஆற்று மீன்கள், குளத்தின் அகன்ற நீர்ப்பரப்பை முழுமையாகப் பயன்படுத்தவில்லை. 1952இல் கொண்டுவரப்பட்ட மொசாம்பிக் திலாப்பியா அங்கே தழைத்தது. உள்ளூர்ச் சந்தைக்கு அது பெரிய வரம்தான். விரால், கெளுத்தி முதலியவையும் வலையில் விழுகின்றன, எனினும் அவற்றுட் பல இந்தியாவிலும் வாழ்பவை.

மழை மிகுந்த ஈரவலயத்தில், களனி முதல் நில்வளா வரையிலான தென்மேற்கு ஆறுகளின் கிளை ஓடைகள் வேறு உலகம். மரநிழல் விழும் தெளிந்த நீரில், மஞ்சளும் செம்மஞ்சளுமாகச் சிறு மீன்கள் கூட்டமாக மிதந்து நிற்கும். ஹல் மரத்தின் பூ நீரில் உதிர்ந்தது போலிருப்பதால் சிங்களத்தில் அதற்கு 'ஹல்மல் தண்டியா' என்று பெயர். இலங்கைக்கு வெளியே அது இயற்கையில் கிடையாது. கேகாலை மாவட்டத்தின் கலபிட்டமடைப் பகுதியில், வயலுக்கும் ரப்பர்த் தோட்டத்துக்கும் நடுவே ஓடும் ஒரு சிற்றோடையில் கண்டறியப்பட்டு, 1991இல் அறிவியற்பெயர் பெற்ற பந்துல கெண்டை, விரலளவுகூட இல்லாத மீன். உலகில் மிகவும் ஆபத்தான நிலையிலுள்ள இனங்களில் அதுவும் ஒன்று.

தனிச்சிறப்பான மீன்கள் எல்லாமே தென்மேற்கில்தான் என்று எண்ணிவிடக் கூடாது. மகாவலி ஆற்றின் பாறைச் சுழிப்புகளில் வாழும் இலங்கைக்கே உரிய பச்சை லேபியோ என்ற மீன், அணைகள் எழுந்தபின் தன் விரைநீரை இழந்துவருகிறது. நக்கிள்ஸ் மலையடிவார ஓடைகளுக்கும் தமக்கே உரிய மீன்கள் உண்டு.

ஆயினும் என் தேர்வு ஓடையே. குளம் வற்றினாலும் அடுத்த மழைக்குப்பின் பொரிப்பகக் குஞ்சுகளை விட்டு மீட்கலாம். பந்துல கெண்டையின் ஓடைக்கரை மரங்களை வெட்டினாலோ, மேல்வயலில் தெளித்த பூச்சிமருந்து வழிந்து கலந்தாலோ, அதே மீனைக் கொண்டுவர இயற்கையில் வேறு ஆறு இல்லை. இதில் மீன்பிடித் துறையைவிட, கரையில் நிலம் வைத்திருக்கும் விவசாயிக்கே பங்கு அதிகம். கரையோரம் சில அடி அகலத்துக்கு நிழல் மரங்களை விட்டுவைக்க அவருக்கு உதவித்தொகை தருவதை, குளங்களில் குஞ்சு விடும் செலவுக்கு முன்னால் வைக்க வேண்டும்.