கொலோன்ல ரைன் ஆத்தங்கரை ஹோட்டல், அம்மாவோட அஞ்சு ராத்திரி

போன ஜூன்ல அம்மாவ கூட்டிக்கிட்டு ஜெர்மனி போயிருந்தேன். தங்கச்சி கொலோன்ல இருக்கா, வீடு ஒரே ரூம்தான், கைப்பிள்ளை வேற, அதனால நாங்க ரெண்டு பேரும் ஹோட்டல்ல தங்கிக்கிறோம்னு சொல்லி அஞ்சு நைட் புக் பண்ணோம். ரைன் ஆத்துக்கு கிழக்குக் கரை, டாய்ட்ஸ்னு சொல்ற ஏரியா, ஆத்தங்கரையிலயே இருக்குற பழைய த்ரீ ஸ்டார் ஹோட்டல். ஹோட்டல் பேரு வேணாம். மதுரைல இருந்து வயசான அம்மா அப்பாவ கூட்டிட்டுப் போறவங்க இப்ப நெறைய பேரு இருக்கீங்க, என்னென்ன பாத்து புக் பண்ணணும்னு உங்களுக்கு தெரியணும், அதுக்குத்தான் எழுதுறேன்.

வாடகை காலை சாப்பாட்டோட ஒரு நாளைக்கு 112 யூரோ, ஆறு தெரியுற ரூம்னா 20 யூரோ கூட. அந்த 20 யூரோவ யோசிக்காம குடுங்க, ஏன்னு பின்னாடி சொல்றேன். இது போக கொலோன் மாநகராட்சி ஹோட்டல்ல தங்குறதுக்கு 5 சதவீதம் வரி போடுது, எங்களுக்கு அத கிளம்புறப்பதான் பில்லுல சேத்தாங்க, முன்னாடியே கேட்டு வச்சுக்கங்க. டாய்ட்ஸ்லதான் பெரிய பொருட்காட்சி வளாகம் இருக்கு, அங்க ஏதாவது கண்காட்சி நடக்குற வாரம்னா, ஆகஸ்ட்ல நடக்குற கேம்ஸ்காம்ங்குற வீடியோ கேம் கண்காட்சி மாதிரி, இதே ரூம் வாடகை எங்கயோ போயிரும். தேதி பாத்துட்டு விசாவுக்கு போடுங்க.

ஃபிராங்க்ஃபர்ட் ஏர்போர்ட்ல இறங்கி அங்கயே கீழ ரயில் ஏறுனோம், 300 கிலோமீட்டர் வேகத்துல வருது, ஒரு மணி நேரம்தான். அம்மாவுக்கு அதுல ஒண்ணும் கஷ்டம் இல்ல, கஷ்டம் ஹோட்டல்லதான் ஆரம்பிச்சுச்சு. வாசல்ல ஏழு படி, சாய்வுப் பாதை கெடையாது. லிஃப்டுல ரெண்டு பேரும் ஒரு பெட்டியும்தான் நிக்க முடியும், நான் ரெண்டு தடவ மேலயும் கீழயும் போயி பெட்டிய ஏத்துனேன். சாவி பழைய காலத்து சாவி, பித்தளை குண்டு ஒண்ணு தொங்குது, வெளிய போறப்ப கவுண்டர்ல குடுத்துட்டுப் போகணும். ரூம் கார்பெட்ல ஈர வாடை. பாத்ரூம் முழுக்க பழுப்பு டைல்ஸ், எப்பிடியும் நாப்பது வருஷம் ஆகியிருக்கும், ஆனா கறை அழுக்கு ஒண்ணும் இல்ல, தினமும் நல்லா துடைச்சுதான் வச்சிருந்தாங்க.

பாத்ரூம்தான் எனக்கு ரொம்ப கோவம் வந்த எடம். குளிக்கணும்னா பாத்டப்புக்குள்ளதான் ஏறி நிக்கணும், முழங்கால் ஒசரம் இருக்கு, புடிச்சுக்க கம்பி இல்ல, உள்ள வழுக்குது. முட்டி வலி இருக்குற அறுபத்தெட்டு வயசு மனுஷி எப்பிடி ஏறுவாங்க? மொத நாளு தங்கச்சி வந்து கையப் புடிச்சு ஏத்தி விட்டா. வெளிய உக்காந்து குளிக்கலாம்னா தரையில தண்ணி போற ஓட்டையே கெடையாது. அடுத்த நாளு ரூம் மாத்திக் குடுங்கன்னு கேட்டேன், ஷவர் மட்டும் இருக்குற ரூம் ரெண்டுதான் இருக்கு, ரெண்டும் ரோட்டுப் பக்கம்னாங்க. அம்மா ஒரே வார்த்தைல வேணாம்னுட்டாங்க, "ஆத்த விட்டுட்டு அங்க போயி என்னத்தய்யா பாக்குறது"ன்னு. கடைசில வழுக்காத ரப்பர் விரிப்பு ஒண்ணு தங்கச்சி கடைல வாங்கிட்டு வந்தா, அத வச்சு ஓட்டுனோம். இந்த விரிப்ப ஹோட்டலே வச்சிருக்க வேணாமா, அஞ்சு பத்து யூரோதான் ஆகும்.

ஏசி கெடையாது, ஃபேனும் கெடையாது. ஜெர்மனில பழைய ஹோட்டல் பாதிக்கு மேல அப்பிடித்தான்னு தங்கச்சி சொன்னா. எங்க ஜன்னல் மேற்கு பாத்த ஜன்னல், ஜூன்ல அங்க பொழுது சாயவே பத்து மணி ஆகுது, சாயங்காலம் பூரா வெயில் நேரா கட்டிலுக்கு வருது. மதுரை வெயில் பாத்தவங்கதான நாமன்னு நெனைக்காதீங்க, இங்க தலைக்கு மேல காத்தாடி சுத்தும், அங்க அது இல்ல. கேட்டதும் ரெண்டாவது நாளு ஒரு டேபிள் ஃபேன் குடுத்தாங்க. ஜன்னல் கைப்பிடிய பக்கவாட்டுல திருப்புனா கதவு மாதிரி முழுசா தெறக்கும், மேல திருப்புனா தலைப்பக்கம் மட்டும் சாய்ஞ்சு தெறக்கும், ராத்திரி அப்பிடி வச்சுட்டு தூங்கலாம், பாலத்துல ரயில் போற சத்தம் மட்டும் கேக்கும்.

இப்ப அந்த 20 யூரோ விஷயத்துக்கு வர்றேன். எங்க அம்மா பொறந்தது சோழவந்தான், வெத்தலைக் கொடிக்காலுக்கும் ஆத்துக்கும் நடுவுல வளந்தவங்க. இப்ப வைகைல தண்ணி வர்றதே அழகர் எறங்குறப்பவும் பாசனத்துக்கு தெறந்து விடுறப்பவும்தான். ஜன்னல தெறந்தா கரைக்கு கரை தண்ணி, அம்மா பெட்டிய கூட தெறக்கல, சேர இழுத்துப் போட்டு உக்காந்துட்டாங்க. நீளநீளமா சரக்குக் கப்பல் போயிட்டே இருக்கு, கரி, மணல், கண்டெய்னர். நம்ம ஜன்னல்ல இருந்து பாத்தா தண்ணி இடமிருந்து வலமா ஓடுது, அந்தப் பக்கம் போறது விறுவிறுன்னு போகும், எதுத்து வர்றது பாரத்தோட மெதுவா ஊர்ந்து வரும். கப்பல் பின்பக்கம் வீடு மாதிரி ஜன்னலுக்கு திரை, பூந்தொட்டி, மேல ஒரு கார் கூட நிக்கும். குடும்பமே அதுல குடியிருக்குன்னு சொன்னப்ப அம்மா "பிள்ளைக பள்ளிக்கூடத்துக்கு என்ன செய்யும்"னு கேட்டாங்க, எனக்கு பதில் தெரியல.

எதுத்த கரையில டோம், அந்தப் பெரிய சர்ச். 1248ல ஆரம்பிச்சு 1880லதான் முடிச்சிருக்காங்க, நடுவுல கிட்டத்தட்ட முன்னூறு வருஷம் வேலையே நடக்கல. நம்ம மீனாட்சி அம்மன் தெற்கு கோபுரம் 170 அடி, இது 515 அடி, மூணு மடங்கு, ராத்திரி லைட் போட்டா கட்டில்ல படுத்துக்கிட்டே தெரியுது. ஹோகன்சோலர்ன் பாலத்துல நடந்தே அந்தக் கரைக்கு போயிரலாம், நானூறு மீட்டர்தான். பாலம் நெடுக கம்பில ஜோடிங்க பேரு எழுதி பூட்டு மாட்டி வச்சிருக்காங்க, கோயில் மரத்துல தொட்டில் கட்டுறாப்லன்னு அம்மா சொன்னாங்க. அந்தப் பக்கம் கரையில ஆத்துத் தண்ணி மட்டம் காட்டுற கடிகாரம் ஒண்ணு இருக்கு, சின்ன முள்ளு மீட்டர், பெரிய முள்ளு அதுல பத்துல ஒரு பங்கு. தினமும் பேப்பர்ல வைகை அணை 71 அடிக்கு இன்னைக்கு எத்தனை அடின்னு பாத்துட்டுதான் காபி குடிக்கிறவங்க எங்க அம்மா, அந்தக் கடிகாரத்து முன்னாடி ரொம்ப நேரம் நின்னாங்க, மறுநாளும் போயி பாக்கணும்னாங்க, போனோம்.

காலை சாப்பாடு சைவத்துக்கு சுமார். ரொட்டி பன், வெண்ணெய், ஜாம், சீஸ், தயிர், பழம். சூடா முட்டையும் காபியும்தான், அம்மா முட்டை சாப்புட மாட்டாங்க. ரூம்ல கெட்டில் இல்ல. ஆனா சாப்பாட்டு ஹால்ல வேலை பாத்த அம்மா ஒருத்தங்க, பாஷை தெரியாது, எங்க அம்மா சுடுதண்ணிக்கு சைகை காட்டுனத பாத்துட்டு அடுத்த நாள்ல இருந்து தெனமும் ஒரு ஃபிளாஸ்க் நெறைய வச்சிருந்து கையில குடுத்தாங்க. பருப்புப் பொடி கொண்டு போயிருந்தோம், சோறு தங்கச்சி வீட்ல இருந்து வந்துரும். குழாய்த் தண்ணியே குடிக்கலாம், பாட்டிலுக்கு காசு விடாதீங்க. ஞாயித்துக்கிழமை கடை பூட்டிருவாங்க, பெரிய ஸ்டேஷனுக்குள்ள இருக்குற கடை மட்டும் இருக்கும். நம்ம மூணு முள்ளு பிளக் அங்க சொருகாது, அடாப்டர் இங்கயே வாங்கிருங்க.

காய்ச்சலுக்கு நெத்தில துணி நனைச்சுப் போடுவாங்களே ஓடிகோலன், அதுக்கு அர்த்தமே கொலோன் ஊரு தண்ணிதான். அத செய்யுற, 1709ல ஆரம்பிச்ச ஃபரீனா கடை இன்னும் இருக்கு, அம்மா சின்ன பாட்டில் ஒண்ணு வாங்கிக்கிட்டாங்க.

ஜூலை ஆகஸ்ட்ல இந்த மாதிரி ஹோட்டல் வேணாம், மே இல்லனா செப்டம்பர்ல போங்க. புக் பண்றதுக்கு முன்னாடி மெயில்ல மூணு விஷயம் கேளுங்க, ஆத்துப் பக்கம் ரூமா, பாத்டப் இல்லாத குளியலா, வாசல்ல எத்தனை படின்னு. அடுத்த வருஷம் பேத்தி பொறந்தநாளுக்கு அம்மா திரும்ப வர்றேன்னுட்டாங்க, அதே ஜன்னல்தான் வேணுமாம், நான் இப்பவே அந்த ஹோட்டலுக்கு பாத்ரூம்ல புடிச்சுக்க கம்பி மாட்டுனீங்களான்னு எழுதிக் கேட்டிருக்கேன்.