ஒரு ஜோடி செம்பில் இண்டர்காம்: எக்ஸ்டெண்டரின் 'ஆட்டோ' மீது எனக்குள்ள கோபம்

விலை இறங்கிவிட்டதே, இப்போது வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். நிலக்கரி கன்வேயர் பாதையில், ஒரு பெல்ட்டிலிருந்து இன்னொரு பெல்ட்டுக்கு நிலக்கரி மாறும் டிரான்ஸ்ஃபர் டவரின் இண்டர்காம் ரேக்கையும் கண்ட்ரோல் ரூம் ரேக்கையும் இணைக்கும் எஸ்எச்டிஎஸ்எல் எக்ஸ்டெண்டர் ஜோடியைத்தான் கேட்கிறார்; ஈதர்நெட்டைத் தொலைபேசிக் கம்பியில் நெடுந்தூரம் கொண்டுபோக, முனைக்கு ஒன்றாக மாட்டும் பெட்டிகள். ஈதர்நெட் கேபிள் 100 மீட்டரில் நின்றுவிடும். இந்தப் பெட்டி பழைய தொலைபேசிக் கேபிளின் ஒரே ஜோடியில் 5.7 எம்பிபிஎஸ் வரை ஏறும். அதெல்லாம் அவருக்கும் தெரியும். அதனால் என்னைப் படுத்துகிற ஒன்றிலிருந்தே தொடங்குகிறேன்: வேகத்தைப் பெட்டியே தேர்ந்துகொள்ளும் ஆட்டோ ரேட்.

புதிதாக வரும் பெட்டி ஆட்டோவில்தான் இருக்கும். கிடைத்த ஜோடி தாங்கும் உச்ச வேகத்துக்கு அது ஏறி, இரைச்சல் மார்ஜினை (லிங்க் விழாமல் இன்னும் எவ்வளவு இரைச்சலைத் தாங்கும் என்ற இடைவெளியை) 6 டெசிபெல் அளவுக்கு ஒட்ட வைத்துக்கொள்ளும். மேசையில் வைத்துச் சோதித்தால் குறையே தெரியாது. பிளாண்டில் பக்கத்துக் கேபிள் டிரேயிலேயே விஎஃப்டி (மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ்) மோட்டார் கேபிள் ஓடுகிறது. மோட்டார் கிளம்பியதும் மார்ஜின் கரைந்து லிங்க் விழும். விழுந்த லிங்க் மறுபடி டிரெயின் ஆகி, அதாவது இரு பெட்டியும் லைனை அளந்து வேகத்தை ஒத்துக்கொண்டு, எழ அரை நிமிடம், சில நேரம் ஒரு நிமிடம். "பெல்ட் ஸ்டார்ட் ஆகிறது, விலகுங்கள்" என்ற அறிவிப்பு போய்ச்சேர வேண்டிய நேரமும் அதுவே. இதை இண்டர்காமுக்கென்று விற்கும் பெட்டியில் ஆட்டோவை இயல்பு அமைப்பாக வைத்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அவ்வளவு வேகம் யாருக்கு வேண்டும்? ஜி.711 என்ற வழக்கமான தொலைபேசிக் குரல் வடிவம், 20 மில்லிசெகண்ட் பாக்கெட்டில், ஈதர்நெட் தலைப்புகளோடு சேர்த்து ஒரு திசைக்கு 87 கேபிபிஎஸ்தான். பத்துப் பேச்சு ஒரே நேரத்தில் நடந்தாலும் 0.9 எம்பிபிஎஸ் தாண்டாது. ஆகவே 2048 கேபிபிஎஸ்ஸில் நிலையாகப் பூட்டிவிடுங்கள். மார்ஜின் பல டெசிபெல் கூடும், விஎஃப்டி இரைச்சலைத் தாங்கும். இணைப்பை நடத்தும் ஒரு முனை மாஸ்டர், அதைப் பின்பற்றும் மறுமுனை ஸ்லேவ். இரண்டும் மாஸ்டராக இருந்தால் லிங்க் விளக்கு கண் சிமிட்டிக்கொண்டே இருக்கும், எழவே எழாது. இவற்றை அமைக்கும், பெட்டியிலுள்ள குட்டி டிப் ஸ்விட்சைப் பவர் அணைத்துவிட்டு மாற்றுங்கள். ஓடும்போது மாற்றினால் அடுத்த ரீஸ்டார்ட் வரை பழைய அமைப்பே நீடிக்கும்.

பெட்டியைக் குறை சொல்லும் முன் ஜோடியைப் பாருங்கள். மறுமுனையை ஷார்ட் செய்து லூப் ரெசிஸ்டன்ஸ் (இரு கம்பியும் சேர்ந்த மின்தடை) அளந்தால், 0.5 மிமீ செம்பில் கிலோமீட்டருக்குச் சுமார் 180 ஓம் வரவேண்டும். கோடை வெயிலில் டிரே 45 டிகிரிக்குச் சுட்டிருந்தால் பத்து சதவீதம் கூடுதலாகக் காட்டும், பயப்பட வேண்டாம். கேபிளின் உலோக உறையான ஸ்க்ரீனைத் திரும்பும் பாதையாக வைத்து இரு கம்பியையும் தனித்தனியே அளந்து பார்த்தால், வித்தியாசம் சில ஓமைத் தாண்டும் இடத்தில் ஏதோ ஒரு ஜங்ஷன் பாக்ஸில் துருப்பிடித்த இணைப்பு உண்டு. அடுத்தது ஸ்ப்ளிட் ஜோடி: கம்பிகளைக் குத்தி இணைக்கும் குரோன் ஸ்ட்ரிப்பில் யாரோ ஒரு ஜோடியின் வெள்ளையையும் இன்னொன்றின் நீலத்தையும் சேர்த்துக் குத்தியிருப்பார்கள். மல்டிமீட்டரில் எல்லாம் சரியாகவே தெரியும், இரைச்சல் மட்டும் தாறுமாறாக ஏறும். ஜோடியிலிருந்து பிரிந்து எங்கும் சேராமல் கிடக்கும் பழைய கிளை வால்களை வெட்டி எறியுங்கள். நீண்ட தூர லைனாக இருந்தால் பழைய தொலைபேசிக் குரலுக்காகப் போட்ட, உயர் அதிர்வெண்ணைத் தடுக்கும் லோடிங் காயிலையும் கழற்றியாக வேண்டும். ஸ்க்ரீனுக்கு ஒரு முனையில் மட்டும் எர்த். இடியின் மின்னெழுச்சியை எர்த்துக்குத் திருப்பும் கேஸ் டியூப் இரு முனையிலும்.

இன்னொரு விசித்திரக் குறை: பேஜிங் (எல்லா ஸ்பீக்கருக்கும் ஒரே நேரத்தில் போகும் அறிவிப்பு) முதல் நான்கு நிமிடம் ஒலித்து, பிறகு அடங்கிவிடும். லிங்க் விளக்கு பச்சையாகவே இருக்கும். ஸ்விட்சில் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் (குழு ஒலிபரப்பைக் கேட்கும் போர்ட்டுக்கு மட்டும் அனுப்பும் வசதி) இயங்கி, யார் கேட்கிறார்கள் என்று அவ்வப்போது விசாரிக்கும் குவெரியர் எங்கும் இல்லாதபோது, 260 வினாடியில் குழு உறுப்பினர் பட்டியல் காலாவதியாகிவிடுவதே காரணம். ஒரு ஸ்விட்சில் குவெரியரை இயக்கினால் சரி. கேமரா வீடியோவையும் இதே ஜோடியில் ஏற்றியிருந்தால் குரலுக்குத் தனி விஎல்ஏஎன் (அதே கம்பியில் பிரித்த தனி நெட்வொர்க்), முன்னுரிமைக் குறியாக டிஎஸ்சிபி 46.

பெட்டியில் கோளாறைச் சொல்லும் ஃபால்ட் ரிலேயைக் கண்ட்ரோல் ரூம் அலாரத்தோடு இணைக்காமல் விடவே கூடாது. அது முதலில் பவர் போனால் மட்டுமே விழும்படி வருகிறது; லிங்க் போனாலும் விழும்படி வெப் பக்கத்தில் டிக் செய்ய வேண்டும். கம்பி அறுந்தாலும் அலாரம் வரும்படி மூடிய சுற்றாகவே கட்டுங்கள்.

சரி, பாராட்டும் சொல்ல வேண்டும். குழி தோண்டாமல், பெர்மிட் இல்லாமல், பல வருடமாகப் புதைந்து கிடந்த கேபிளில் இரண்டு கிலோமீட்டர் தாண்டிக் குரல் பிசிறில்லாமல் வருகிறது. 2048இல் பூட்டிய பிறகு அதன் நம்பகத்தன்மையை ஃபைபரோடு வைத்துப் பேசுவேன். மின்னலில் ஒரு முனை போர்டு போய் மாற்றியதும், பழைய ஜோடியிலேயே முதல் முயற்சியில் லிங்க் எழுந்தது.

ஆனாலும் இன்றைக்கு மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு இரண்டுதான் கொடுப்பேன். மாற்றிய போர்டும் ஆட்டோவில்தான் வந்தது. வாங்குங்கள், ஜோடியோடு ஒரு ஸ்பேரும் சேர்த்து, அதே ஃபர்ம்வேரில். ஸ்பேரையும் 2048இல் பூட்டிவிட்டு அலமாரியில் வையுங்கள். ராத்திரி ஷிஃப்ட்டில் மாட்டுகிறவருக்கு இது தெரிந்திருக்காது.