காற்றைக் காட்ட எது நல்லது: டம்ளரா, சிரிஞ்சா, பலூன் தராசா, கால்பந்தா?

ஆனி, ஆடி மாதம் குமரி மாவட்டத்து ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே பைக்கில் போகிறவருக்குக் காற்று இருக்கிறது என்று யாரும் நிரூபிக்க வேண்டாம். முப்பந்தலில் காற்றாலைகள் வரிசைகட்டி நிற்பதும் அந்தக் காற்றை நம்பித்தான். அசையாத காற்றுதான் சிக்கல். கதவைச் சாத்திய வகுப்பில் காலி டம்ளரைக் காட்டி, "உள்ள என்ன மக்களே இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். "ஒண்ணும் இல்லல்லா" என்றுதான் பதில் வரும். ஓலைக் காற்றாடி இங்கே கைகொடுக்காது; அது ஓட்டத்தைக் காட்டும், காற்று அடைத்துக்கொள்ளும் இடத்தையும் அதன் எடையையும் காட்டாது.

இடத்தைக் காட்ட டம்ளர் போதும். அடியில் தாளைக் கசக்கித் திணித்து, கவிழ்த்து, வாளித் தண்ணீரில் நேராக அமுக்கினால் தாள் நனையாது. சாய்த்தால் குமிழி குபுகுபுவென்று வெளியே வரும். கண்ணாடி டம்ளராக இருந்தால் இன்னொன்றும் தெரியும்: வாய்ப் பக்கம் தண்ணீர் கொஞ்சம் உள்ளே ஏறியிருக்கும். 10 செ.மீ. உயர டம்ளர் 20 செ.மீ. ஆழத்தில் இருந்தால், ஏறுவது சுமார் 2 மி.மீ. காற்று அமுங்குகிறது என்பதற்கு அதுவே அடையாளம், ஆனால் கடைசி பெஞ்சுக்குத் தெரியாது.

அமுங்குவதைக் கையாலேயே உணர வேண்டுமென்றால் சிரிஞ்சை மிஞ்ச ஒன்றுமில்லை. மெடிக்கல் கடையில் ஊசியில்லாமல் 10 மி.லி. சிரிஞ்ச் ஒன்று வாங்குங்கள். தண்டை 10 வரை இழுத்து, நுனியைக் கட்டைவிரலால் அடைத்து அழுத்தினால் முதலில் லேசாகப் போகும், போகப்போக முரண்டு பிடிக்கும். 5-க்குக் கொண்டுவந்தால் உள்ளே அழுத்தம் இரட்டிப்பு. 1662-இல் ராபர்ட் பாயில் என்ற விஞ்ஞானி சொன்ன விதி அதுதான். நுனியை விடாமல் தண்டிலிருந்து மட்டும் கையை எடுத்தால் அது தானே பின்னுக்கு வரும். அதிலேயே தண்ணீர் நிரப்பி, நுனியை அடைத்து அழுத்திப் பாருங்கள், அசையாது. அடுத்து, தண்டை 2-இல் வைத்து நுனியை அடைத்து, வெளியே இழுத்து விடுங்கள். சட்டென்று உள்ளே போகும். அதை உள்ளே தள்ளுவது வெளிக்காற்று, ஒரு சதுர செ.மீ.-க்குச் சுமார் 1 கிலோ வீதம். இடம், அமுங்குதல், அழுத்தம் மூன்றும் ஒரே சாமானில் அடங்கிவிடுகிறது. பிள்ளைக்கு ஒன்று வீதம் கொடுத்தாலும் செலவு பெரிதில்லை.

எடைக்குப் பலரும் பிடித்துக்கொண்டிருப்பது பலூன் தராசு: குச்சியின் இரு முனையிலும் ஊதிய பலூன், ஒன்றை உடைத்தால் மற்றது தாழும். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. ஒரு லிட்டர் காற்று சுமார் 1.2 கிராம், 3 லிட்டர் பலூனில் மூன்றரை கிராம் இருக்கிறதுதான். ஆனால் கிணற்றுத் தண்ணீருக்குள் இருக்கும் நிறைகுடம் கனக்காததுபோல, சுற்றியுள்ள காற்று பலூனை ஏறக்குறைய அதே அளவு தூக்கிவிடுகிறது. மிஞ்சுவது உள்ளே கொஞ்சம் இறுகிய காற்றின் எடை, கிராமில் ஒரு சிறு பங்கு. உடைத்தபோது தெறித்துப்போன ரப்பர் துண்டே அதைவிடக் கனமாக இருக்கலாம். நம்மூர் ஆடிக் காற்றில் ஜன்னல் திறந்திருந்தால் குச்சி நிற்கவே நிற்காது.

கால்பந்து நேர்மையானது. தூத்தூர், சின்னத்துறைப் பக்கம் பந்துக்குப் பஞ்சமில்லை. வடிவம் உருண்டையாக, ஆனால் அழுத்தினால் மெத்தென்று இருக்கும் 5-ஆம் எண் பந்தை 1 கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசில் வையுங்கள். உருளாமலிருக்க அடியில் ஒரு வளையல். பிறகு ஆட்டத்துக்கு ஏற்ற அளவு காற்றடித்து மறுபடி வையுங்கள். 4 கிராமாவது கூடியிருக்கும். பந்தின் பருமன் அதிகம் மாறாததால், பலூனில் வந்த தூக்கல் தகராறு இங்கே இல்லை.

தட்டில் மெழுகுவர்த்தி வைத்துத் தண்ணீர் ஊற்றி டம்ளரால் மூடும் சோதனையை மட்டும் விட்டுவிடலாம். தண்ணீர் ஏறுவதைக் காட்டி, "21 சதவீத ஆக்ஸிஜன் தீர்ந்த இடம் இது" என்பார்கள். ஆக்ஸிஜன் முழுவதும் தீருமுன்பே சுடர் அணைந்துவிடும். ஏற்றத்துக்குப் பெரும்பங்கு காரணம், சூடான காற்று ஆறிச் சுருங்குவது. சந்தேகம் இருந்தால் அதே டம்ளருக்குள் மூன்று மெழுகுவர்த்தி வைத்துப் பாருங்கள். ஆக்ஸிஜன் கூடவில்லை, தண்ணீர் மட்டும் முன்னைவிட மேலே ஏறும்.