அம்மாவின் மருந்துக் கணக்கு: கூகல் ஷீட்ஸும் நாற்பது பக்க நோட்டும்

கோலாலம்பூர் செந்தூல் வீட்டில் அம்மாவைப் பார்த்துக்கொள்வது நான், தங்கை, பகலில் வரும் இந்தோனேசியப் பணிப்பெண். அண்ணன் பினாங்கிலிருந்து வார இறுதியில் வருவார். அம்மாவுக்கு நீரிழிவு, ரத்த அழுத்தம், காலையும் இரவும் இன்சுலின். இப்படி ஆள் மாறிக்கொண்டே இருப்பதால் எல்லாரும் பார்க்கிற மாதிரி கூகல் ஷீட்ஸில் கணக்கு வைக்கிறோம், வருடக்கணக்காக ஓடுகிறது.

கிளினிக்குப் போகும்போது இதன் அருமை தெரியும். எச்பிஏ1சி என்ற ரத்தச் சோதனை கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைத்தான் சொல்லும், எந்த வேளையில் ஏறுகிறது என்று சொல்லாது. காலையில் 6, 7 (இங்கே சர்க்கரை அளவு mmol/L கணக்கில்) என்று இருப்பது சாயங்காலம் 12க்குப் போவதை ஷீட்டில் பார்த்த பிறகுதான் டாக்டர் அம்மாவின் டீ நேரத்தையே விசாரித்தார்.

தொல்லை காலிக் கட்டத்தில்தான். இரவு இன்சுலின் கட்டம் காலியாக இருந்தால் போடவில்லையா, போட்டுவிட்டு எழுதவில்லையா? இரண்டாம் தடவை போட்டுவிட்டால் சர்க்கரை 4க்குக் கீழே இறங்கி வியர்வை, நடுக்கம், மயக்கம் வரை போகும். அதனால் போடாவிட்டாலும் காரணத்தோடு எழுத வேண்டும், காலியாக இருந்தால் ஊசியைத் தொடாமல் முதலில் போன் அடிக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டோம்.

ஆனாலும் ஈரக் கையோடு நிற்கும் பணிப்பெண் கைபேசியைத் திறந்து கட்டம் தேடுவாரா? இப்போது குளிர்பெட்டிக் கைப்பிடியில் ஒரு நோட்டும் கயிறு கட்டிய பேனாவும் தொங்குகின்றன. அவர் மலாய் மொழியில் ‘சுடா’ (ஆயிற்று), ‘பெலும்’ (இன்னும் இல்லை) என்று நேரத்தோடு எழுதிவிடுகிறார், இரவில் நான் புலன (வாட்ஸ்அப்) குழுவில் படம் போடுகிறேன், தங்கை ஷீட்டில் ஏற்றுகிறாள். இரட்டை வேலைதான், ஆனால் காலிக் கட்டம் அபூர்வமாகிவிட்டது. காசு கட்டும் செயலி ஒன்றையும் பார்த்தோம், அடிக்கடி கடவுச்சொல் கேட்டதால் விட்டுவிட்டோம்.

நோட்டின் ஓரத்தில் கோடு போட்டு விட்ட இடம்தான் எனக்குப் பிடித்தது. “இடது கால் விரல் சிவப்பு, வலி இல்லையாம்” என்று பணிப்பெண் அங்கே எழுதியதால்தான் புண்ணாகும் முன்பே காட்டினோம். நீரிழிவுக்காரருக்கு வலி இல்லை என்பதே கவலைப்பட வேண்டிய விஷயம்.

அண்ணன்தான் தூரத்திலிருந்து ஷீட்டைப் பார்த்து “பிரஷர் ஏன் எடுக்கல?” என்று போலீஸ் வேலை பார்ப்பார். கழிவறை விவரங்களை மட்டும் குழுவில் போடுவதில்லை, அது அம்மா போட்ட கட்டளை.