ஸ்பீக்கரை மாற்றியும் கேட்காத வசனம்

"உன் லேப்டாப்பையே நானும் வாங்கலாமா?" என்று நண்பன் கேட்டான். மூன்று ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். திரை, விசைப்பலகை, பேட்டரி எதிலும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இதில் படம் பார்ப்பதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்குக் கோபம் வந்துவிடும்.

கதாநாயகி ஏதோ முக்கியமான உண்மையைச் சொல்கிறாள். எனக்கு உதடு அசைவது மட்டும் தெரிகிறது. ஒலியை நூறுக்கு ஏற்றுகிறேன். அடுத்த நொடி ஒரு கார் வெடிக்கிறது, பக்கத்து அறையில் தூங்கிய குழந்தை எழுந்து அழுகிறது. ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி, அந்த இரண்டு விசைகளின் மேலிருந்த அச்சே தேய்ந்துவிட்டது.

இரண்டாம் ஆண்டு பழுதுபார்க்கக் கொடுத்தேன். "ஸ்பீக்கர் போய்விட்டது" என்று மாற்றிக் கொடுத்தார்கள். பணம் போனது, முணுமுணுப்பு போகவில்லை. அதே ஸ்பீக்கரில் பாட்டு மட்டும் கணீரென்று கேட்கிறதே என்று எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

கோளாறு படத்தின் ஒலித்தடத்தில் இருந்தது. சுற்றிலுமிருந்து ஒலிப்பதற்கான 5.1 ஒலியில் ஆறு தடங்கள். வசனம் பெரும்பாலும் நடுத்தடத்தில் வரும். லேப்டாப்பில் இருப்பதோ இடமும் வலமும்தான். ஆறையும் இரண்டில் அடைக்கும்போது, ஒலி உச்சத்தில் உடையாமலிருக்க மொத்தத்தையும் தணித்துவிடுகிறார்கள். போதாததற்கு, திரைப்படத்தில் கிசுகிசுப்புக்கும் வெடிச்சத்தத்துக்கும் உள்ள இடைவெளி பாட்டில் இருப்பதைவிட மிகப் பெரியது. அரங்குக்கு அது அழகு, படுக்கையறைக்குத் தண்டனை.

இப்போது படத்தில் ஸ்டீரியோ, அதாவது இடமும் வலமும் மட்டுமே உள்ள ஒலித்தடம் இருந்தால் முதலில் அதற்கு மாறிவிடுகிறேன். இல்லையென்றால் படம் ஓட்டும் விஎல்சி செயலியில் கன்ட்ரோலும் ஈ எழுத்தும் அழுத்தி, பெரிய சத்தத்தை அமுக்கும் கம்ப்ரெஸரை இயக்கி, அமுக்கிய பின் மொத்த ஒலியை உயர்த்தும் மேக்கப் கெயினைக் கொஞ்சம் கூட்டுகிறேன். வெடி அடங்கி, பேச்சு மேலே வருகிறது. வெறுமனே ஒலியை 125 சதவீதத்துக்குத் தள்ளியும் பார்த்தேன். 'ஸ', 'ச' எல்லாம் தகரத்தைக் கீறுவதுபோல் கரகரத்தன. விண்டோஸிலேயே, சிறிய ஒலியையும் பெரிய ஒலியையும் சமப்படுத்தும் 'லவுட்னஸ் ஈக்வலைசேஷன்' என்று ஒன்று உண்டு. இணையத்தில் நேரடியாகப் பார்க்கும் படங்களுக்கு அதுதான் கை கொடுத்தது. ஆனால் அமைதியான காட்சிகளில் பின்னணி மழையை அருவியாக்கிவிடுகிறது. ஒலிக்கருவியை இயக்கும் மென்பொருளான டிரைவரை ஒருமுறை அப்டேட் செய்த பிறகு அந்தத் தேர்வே காணாமல் போய், பழைய டிரைவருக்குத் திரும்பியது தனிக்கதை.

இன்னொன்று. விண்டோஸின் ஒலி அமைப்புகளில் 'கம்யூனிகேஷன்ஸ்' என்ற பகுதியைப் பாருங்கள். அழைப்பு ஏதும் வந்தால் மற்ற ஒலிகளை 80 சதவீதம் குறைக்கும்படி அங்கே முன்கூட்டியே குறித்திருக்கும். அழைப்புச் செயலியைத் திறந்தபடியே விட்டுவிட்டு, பல இரவுகள் பாவம் ஸ்பீக்கரைத் திட்டியிருக்கிறேன்.

இவ்வளவுக்குப் பிறகும் லேப்டாப் தயாரித்தவர்களை மன்னிக்க முடியவில்லை. ஸ்பீக்கரை அடிப்பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். மெத்தையில் வைத்தால் வாயைப் பொத்தியதுபோல் ஆகிவிடுகிறது. அதனால் எங்கள் வீட்டுச் சப்பாத்திப் பலகை இரவில் கட்டிலுக்கு வந்துவிடும். கடினமான பரப்பில் பட்டுத் திரும்பும்போது குரல் தெளிகிறது.

நண்பனுக்கு "வாங்காதே" என்றுதான் பதில் அனுப்பினேன். "அப்படியானால் உன்னுடையதை எனக்கே விற்றுவிடேன்" என்றான். அதெல்லாம் முடியாது.