ஏழு எழுத்து, ஐந்து புத்தகம்: தாவோ தே ஜிங்கை எந்த ஆங்கிலத்தில் படிப்பது?

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் எங்கள் வீட்டில் சூடை மீன் குழம்பு கொதிக்கும்போது அம்மா யாரையும் கரண்டியைத் தொட விடமாட்டார். "மீனைப் போட்டாச்சுன்னா கரண்டி எதுக்குத்தா?" என்பார். சட்டியைத் துணியால் பிடித்து மெல்ல ஒரு சுற்று சுற்றி வைப்பதோடு சரி. லாவோட்சு எழுதியதாகச் சொல்லப்படும் பழைய சீன நூலான தாவோ தே ஜிங்கில் 60ஆம் அத்தியாயத்தைப் படித்தபோது எனக்கு அந்தச் சட்டிதான் கண்ணில் நின்றது. பெரிய நாட்டை ஆள்வது சின்ன மீனைச் சமைப்பது மாதிரி. அந்த வரி அவ்வளவுதான். சீனத்தில் ஏழே எழுத்து. நான் தமிழாசிரியை. குறளுக்கு ஏழு சீர் என்று வருஷா வருஷம் வகுப்பில் சொல்கிறவள். ஏழு என்ற அந்த எண்ணே என்னைப் பிடித்துக்கொண்டது. அதிலிருந்து எந்த மொழிபெயர்ப்பு கைக்கு வந்தாலும் முதலில் 60ஐத்தான் புரட்டுகிறேன். இதுவரை ஐந்து வாங்கியாகிவிட்டது.

முதலில் வாங்கியதில் ஏமாந்தேன். இணையத்தில் 150 ரூபாய், அட்டையில் தங்க நிற டிராகன். உள்ளே மொழிபெயர்த்தவர் பெயர் எங்குமே இல்லை. பிறகு ஒப்பிட்டுப் பார்த்தால், 1891இல் ஜேம்ஸ் லெக் செய்த மொழிபெயர்ப்பு. லெக் பெரிய படிப்பாளி, ஆக்ஸ்போர்டின் முதல் சீனமொழிப் பேராசிரியர். சில இடங்களை எதுகை போட்டுப் பாட்டாகவே எழுதியிருக்கிறார். ஆனால் ஆங்கிலம் பழையது, நமக்குத் தடுக்கும். என்னிடம் வந்த புத்தகத்தில் அவருடைய குறிப்புகளை வேறு நீக்கிவிட்டார்கள். உரிமைக் காலம் முடிந்த நூல் இது. இணையத்தில் காசில்லாமல் முழுதாகவே கிடைக்கும்போது இதற்குப் பணம் கொடுக்க வேண்டாம்.

அப்புறம் ஸ்டீபன் மிட்செல், 1988. படிக்கத் தடையே இல்லை. ஒரே ராத்திரியில் 81 அத்தியாயத்தையும் முடித்தேன். 60இல், கிளறிக்கொண்டே இருந்தால் மீன் கெட்டுப்போகும் என்று ஒரு வரி இருந்தது. அம்மா சொன்னதேதான்! எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா. அந்த வரி லெக்கில் இல்லையே என்று மறுநாள்தான் உறைத்தது. மூலத்திலேயே இல்லை. மிட்செலுக்குச் சீனம் தெரியாது. மற்றவர்களின் மொழிபெயர்ப்புகளை வைத்துக்கொண்டு, விரித்தும் சுருக்கியும் எழுதியதாக அவரே முன்னுரையில் சொல்லிவிடுகிறார். நேர்மையான மனிதர்தான். ஆனால் அந்தப் பக்கத்தில் எது லாவோட்சு, எது மிட்செல் என்று எனக்கு எப்படித் தெரியும்? பரிமேலழகர் உரையில் ஒரு வாக்கியத்தை எடுத்துக் குறளுக்குள்ளேயே அச்சடித்தால் நாம் ஒப்புக்கொள்வோமா? உரை நல்ல உரையாகவே இருக்கட்டும், அதன் இடம் மூலத்துக்குக் கீழே.

இதனால்தான் டி.சி. லாவ் எனக்கு முக்கியமானவராகிறார். 1963இல் பெங்குவின் வெளியிட்டது. ஆங்கிலம் கொஞ்சம் வறண்டதுதான், ஆனால் சின்னச் சின்ன வாக்கியம். பிளஸ் டூ ஆங்கிலம் இருந்தால் அகராதியை வைத்துக்கொண்டு படித்துவிடலாம். மீன் வரியில் மிட்செல் வறுக்கிறார், லாவ் கொதிக்க வைக்கிறார். கடலோரத்தில் இருக்கும் நமக்கு இது பெரிய வித்தியாசம். வறுக்கும் மீனைத் திருப்பித்தான் ஆக வேண்டும், குழம்பு மீனைத்தான் தொடக் கூடாது. நீண்ட முன்னுரையும் தனியாக இருக்கிறது. பாட்டுக்குள் அவர் தலையிடுவதில்லை.

ரெட் பைன் (பில் போர்ட்டரின் புனைபெயர்) 1996இல் கொண்டுவந்த புத்தகம் தமிழ்ப் படிப்பாளிகளுக்காகவே செய்தது போல இருக்கிறது. சீன மூலம் பக்கத்திலேயே, ஆங்கிலம் தனியே, அதன் கீழே பழைய சீன உரைகாரர்கள். ஹோ-ஷாங் குங் என்ற உரைகாரர் சின்ன மீனைக் குடல் எடுக்காமல், செதில் உரசாமல், கிளறாமல் சமைக்க வேண்டும், இல்லாவிட்டால் குழைந்துவிடும் என்கிறார். அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். கிளறுவதைப் பற்றிச் சொன்னது சரி என்றார். குடலை எடுக்காமல் என்ன குழம்பு என்று கேட்டார். உரையைத் தனியே வைத்தால்தான் இப்படி ஒரு வரியை ஒத்துக்கொண்டு, அடுத்ததோடு சண்டையும் போட முடிகிறது. விலை அதிகம், கனமும் அதிகம். ஒரு அத்தியாயத்துக்கு ஒரு சாயங்காலம் ஆகிறது. அது எனக்குக் குறையாகப் படவில்லை.

அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின் 1997இல் எழுதியது அழகு. அவருக்கும் சீனம் தெரியாது, தன்னுடையதை மொழிபெயர்ப்பு என்றே அவர் சொல்லிக்கொள்வதில்லை. அவருடைய அப்பா வைத்திருந்த 1898ஆம் வருஷத்துப் பால் காரஸ் பதிப்பில் ஒவ்வொரு சீன எழுத்துக்கும் நேராக ஆங்கிலச் சொல் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு, சீனம் அறிந்த ஒரு பேராசிரியரின் துணையோடு, பல வருஷம் உழைத்திருக்கிறார். தன் கருத்தைப் பாட்டுக்குக் கீழே குறிப்பாக வைக்கிறார். அந்த ஒழுங்குக்காகவே அவர்மேல் எனக்கு மதிப்பு.

1973இல் சீனாவின் மாவாங்டுயி கல்லறையில் கிடைத்த இந்த நூலின் பட்டுச்சுவடிகளில், வழக்கமான வரிசைக்கு மாறாக, 'தே' பகுதி முன்னாலும் 'தாவோ' பகுதி பின்னாலும் இருக்கிறது. அந்த வரிசையில் வந்த மொழிபெயர்ப்புகளும் உண்டு. முதல் தடவை படிப்பவர்களுக்கு அது வேண்டாம்.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் லாவ். இரண்டாவது வாங்கக் காசு சேர்ந்தால் ரெட் பைன். மிட்செல் புத்தகத்தைப் பதினோராம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி வாங்கிப் போயிருக்கிறாள். 60ஆம் அத்தியாயத்தில் அந்த வரிக்குப் பென்சிலால் கோடு போட்டு, ஓரத்தில் 'உரை' என்று எழுதித்தான் கொடுத்தேன்.