இரண்டரை லட்சம் கிலோமீட்டர் ஓடிய இன்னோவாவை வாங்கலாமா?

தோட்டப்புறத்தில் பெரிய குடும்பத்தோடு வாழ்ந்து, வண்டிக்கென இருபதாயிரம் ரிங்கிட்டுக்குச் சற்று மேலே மட்டுமே ஒதுக்க முடிந்தவர்களுக்கு முதல் தலைமுறை டொயோட்டா இன்னோவாவைவிடப் பொருத்தமான வண்டியை நான் காணவில்லை. மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு வாசலில் நிற்பது 2010ஆம் ஆண்டு பதிவான, ஆட்டோ கியர் வண்டி. வாங்கும்போதே மீட்டர் இரண்டரை லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது. அதன்பின் தமிழ்ப்பள்ளிக்கும் ஈப்போ மருத்துவமனைக்கும் தைப்பூசத்துக்குப் பத்துமலைக்கும் தோட்டத்துக் கோயில் திருவிழாக்களுக்கும் எங்களைச் சுமந்து வருகிறது. நான் இதைப் பரிந்துரைப்பது சொகுசுக்காகவோ வேகத்துக்காகவோ அன்று. பழுதானால் நம் பட்டணத்திலேயே, நமக்குத் தெரிந்த ஃபோர்மேனின் (மெக்கானிக்கின்) பட்டறையிலேயே, பெரும்பாலும் அன்று மாலைக்குள் சரிசெய்து எடுத்து வந்துவிடலாம். நெடுந்தூரம் ஓடி முடித்த வண்டியை வாங்குபவர் முதலில் எடைபோட வேண்டியது அதைத்தான் என்பது என் உறுதியான கருத்து.

இந்தத் தலைமுறை 2005இல் மலேசியாவில் அறிமுகமாகி, ஷா ஆலாமில் பொருத்தப்பட்டு, பத்தாண்டுக்கும் மேலாக விற்பனையில் இருந்தது. லோரிகளுக்கு இருப்பதுபோல் தனி அடிச்சட்டத்தின்மீது உடல் ஏற்றப்பட்ட, பின்சக்கர உந்து வண்டி இது. 1998 சி.சி. பெட்ரோல் எஞ்சின், நான்கு வேக ஆட்டோ கியர், பின்பக்கம் முழு அச்சு, பின்சக்கரங்களுக்கு டிரம் பிரேக் என எல்லாமே பழைய, எளிய அமைப்பு. எஞ்சினின் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்க டைமிங் பெல்ட்டுக்குப் பதிலாகச் செயின் இருப்பதால், குறிப்பிட்ட தூரத்துக்கு ஒருமுறை பெல்ட் மாற்றும் செலவு கிடையாது. ஆனால் அந்தச் செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் எண்ணெய் அழுத்தத்தால் இயங்குவது. எண்ணெயைக் காலத்தில் மாற்றாத வண்டியில் செயினும் தளர்ந்துவிடும் என்பதை வாங்குபவர் மறக்கக் கூடாது.

இதே விலையில் சந்தையில் வேறு வண்டிகளும் உண்டு. 2009 நவம்பரில் வந்த பெரோடுவா அல்சா பராமரிக்க மிகவும் மலிவானது; ஆனால் மூன்றாம் வரிசையில் பெரியவர்கள் உட்கார்ந்தால் முழங்கால் முன்னிருக்கையில் இடிக்கும், சுமை ஏறினால் செம்மண் பாதை மேட்டில் வண்டியின் அடிப்பாகம் உரசும். அதே ஆண்டு ஏப்ரலில் வந்த புரோட்டோன் எக்ஸோராவின் ஓட்டம் இன்னோவாவைவிட மென்மையானது. அதன் 1.6 லிட்டர் எஞ்சினுக்கு டைமிங் பெல்ட் உண்டு. முந்தைய உரிமையாளர் அதை எப்போது மாற்றினார் என்பதற்குச் சீட்டு இல்லையென்றால், வாங்கியவுடன் மாற்றிவிடுவதே பாதுகாப்பு. ஜப்பானிலிருந்து இறக்குமதியான டொயோட்டா எஸ்டிமாவைப் பார்க்கும்போது யாருக்கும் ஆசை வரும். கதவு தானாக நகரும், இருக்கை கட்டில்போல் சாயும். ஆனால் 2006க்குப் பின் வந்த 2.4 லிட்டர் வண்டிகளின் எஞ்சின் வகையில் பிஸ்டன் வளையம் வழியாக எண்ணெய் கசிந்து எரிவது பலரும் அறிந்த சிக்கல். கதவு மோட்டாரும், படிநிலை இல்லாமல் மாறும் சி.வி.டி. கியர் பெட்டியும் கெட்டால், அவற்றில் கை வைக்கத் தெரிந்தவரைத் தேடி ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஈப்போவுக்கு டோ லோரியில் ஏற்றித்தான் அனுப்ப வேண்டும். வண்டி அங்கே கிடக்கும் நாள்களில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவது எப்படி என்ற கேள்விக்கு நகரவாசிக்கு ரயிலும் பேருந்தும் பதிலாகலாம். தோட்டத்தில் இருப்பவருக்கு அந்த வழி இல்லை.

வாங்கச் செல்லும்போது விடியற்காலையில் செல்லுங்கள். வண்டியைப் பார்க்க வருவதாக முன்கூட்டியே சொல்லி, “நாங்கள் வரும்வரை எஞ்சினை முடுக்காதீர்கள்” என்று கேட்டுக்கொள்ளுங்கள். சென்றதும் முதல் வேலையாக முன்மூடியின்மேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். அது சூடாக இருந்தால், எதையோ மறைக்கவே எஞ்சினைச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்க இடமுண்டு. ஈப்போவில் ஒரு பழைய கார் வியாபாரி எங்களுக்குக் காட்டிய வண்டி இப்படித்தான் கொதித்துக்கொண்டு நின்றது. அங்கே விலை பேசாமலே திரும்பினோம். குளிர்ந்த எஞ்சினை முடுக்கிய முதல் சில நொடிகளில் முன்பக்கத்தில் சங்கிலி உரசுவதுபோல் கரகரவென்று சத்தம் வந்து நீடித்தால் செயின் பகுதிக்கு வேலை இருக்கிறது. புகைக்குழாயில் நீலப்புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. இந்த இரண்டும் இல்லாமல், பிரேக்கை மிதித்துக்கொண்டு கியரை ‘டி’க்கும் ‘ஆர்’க்கும் மாற்றும்போது பெரிய உதறல் இன்றி வண்டி பிடித்துக்கொண்டால், மேற்கொண்டு பேசலாம்.

மீட்டர் காட்டும் எண்ணுக்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பதில்லை. அதைக் குறைத்துவைப்பவர்கள் எங்கும் உண்டு. பிரேக் மிதியின் ரப்பர், ஸ்டீரிங்கின் தோல், ஓட்டுநர் இருக்கையின் ஓரம் ஆகிய மூன்றும் தேய்ந்து வழவழப்பாக இருக்க, மீட்டர் மட்டும் ஒரு லட்சம் காட்டினால் அது பொய். உண்மையான மூன்று லட்சம், பொய்யான ஒரு லட்சத்தைவிட எவ்வளவோ மேல், ஏனெனில் முதலாவதற்குப் பெரும்பாலும் பராமரிப்புச் சீட்டுகள் இருக்கும். அதைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது வெள்ளத்தில் மூழ்கிய வண்டியா என்பது. 2021 டிசம்பரில் ஷா ஆலாமின் தாமான் ஸ்ரீ மூடா போன்ற இடங்களில் வந்த பெருவெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளின் எண்ணிக்கை கொஞ்சநஞ்சமல்ல. கழுவித் துடைத்தால் அத்தகைய வண்டி வெளியே பளபளப்பாகவே தெரியும். மூன்றாம் வரிசை இருக்கைகளைப் பக்கவாட்டில் மடக்கித் தூக்கிவிட்டு, கம்பளத்தின் ஓரத்தைக் கிளப்பி அடித்தகட்டைப் பாருங்கள். பிறகு ஒவ்வொரு இருக்கைப் பட்டையையும் அதன் முடிவுவரை வெளியே இழுத்துப் பாருங்கள். யாரும் கழுவாத அந்தக் கடைசிச் சாண் துணியில், தண்ணீர் நின்ற மட்டத்துக்குச் சாம்பல் நிறக் கோடு ஒன்று படிந்திருக்கும். அது கண்ணில் பட்டால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

பெயர் மாற்றத்துக்காக வண்டிப் பரிசோதனை நிலையமான புஸ்பாகோமில் செய்யும் பி5 ஆய்வைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை நிலவுகிறது. வண்டி ‘பாஸ்’ ஆகிவிட்டது, எனவே நல்ல வண்டி என்கிறார்கள். அந்த ஆய்வின் முதன்மை நோக்கம், அடிச்சட்டத்திலும் எஞ்சினிலும் பொறித்த எண்கள் பதிவோடு ஒத்துப்போகின்றனவா, வண்டி சட்டவிரோதமாக மாற்றப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது. கியர் பெட்டி இன்னும் எத்தனை ஆண்டு தாங்கும் என்று அது சொல்லாது. அதற்கு நீங்கள் நம்பும் ஃபோர்மேனுக்கு ஒரு தொகை கொடுத்து உடன் அழைத்துச் செல்ல வேண்டும். இவ்வளவு வயதான வண்டிக்குப் பல வங்கிகள் கடன் தருவதில்லை என்பதால், ரொக்கமாகவோ கூட்டுறவுச் சங்கக் கடனாகவோதான் வாங்க நேரும். கையிலிருக்கும் முழுத் தொகையையும் விலைக்கே கொடுத்துவிடாதீர்கள். நான்கில் ஒரு பங்கையாவது முதல் பராமரிப்புக்கு ஒதுக்கிய பிறகே பேரம் பேச உட்கார வேண்டும்.

அந்த முதல் பராமரிப்பில் நான் எதையும் விட்டுக்கொடுக்காத இரண்டு பகுதிகள், குளிரூட்டும் அமைப்பும் கியர் எண்ணெயும். ரேடியேட்டர் வற்றும்போதெல்லாம் குழாய்த் தண்ணீரை ஊற்றிச் சமாளிக்கும் பழக்கம் நம் பக்கம் நெடுங்காலமாக இருக்கிறது. தண்ணீர் உள்ளே துருவையும் படிவையும் உண்டாக்கி, பம்பையும் தெர்மோஸ்டாட்டையும் மெல்ல அரித்துவிடும். ரேடியேட்டரின் மேல்தொட்டி பிளாஸ்டிக்கால் ஆனது. புதிதில் கருப்பாக இருப்பது, ஆண்டுக்கணக்கில் வெந்து பழுப்பேறும். எங்கள் வண்டியில் அது வெல்லப்பாகின் நிறத்துக்கு வந்திருந்தது. விரல் நகத்தால் அழுத்தினால் விளிம்பு பொடிந்தது. அந்த நிலையில் எந்த மேட்டிலும் அது வெடிக்கலாம். வெடித்ததைக் கவனிக்காமல் சில நிமிடம் ஓட்டினாலே சிலிண்டர் தலை வளைந்து, செலவு பல மடங்காகிவிடும். ஆகவே ரேடியேட்டர், மேல் கீழ் ரப்பர் குழாய்கள், தெர்மோஸ்டாட், மூடி ஆகியவற்றை ஒரே நேரத்தில் மாற்றி, முறையான கூலன்ட் ஊற்றினோம். இந்த எஞ்சினில் விசிறி மின்மோட்டாரால் அல்லாமல் எஞ்சினாலேயே சுழல்கிறது. அதன் நடுவிலுள்ள பிசுபிசுப்புத் திரவக் கிளட்ச் தளர்ந்துவிட்டால் வண்டி நிற்கும்போது சூடு ஏறும், ஏர்கோனும் குளிராது. சூடான எஞ்சினை அணைத்துவிட்டு விசிறியைக் கையால் சுற்றிப் பாருங்கள். தடையின்றிப் பல சுற்று ஓடினால் அந்தக் கிளட்சின் காலம் முடிந்துவிட்டது.

கியர் எண்ணெயைப் பொறுத்தவரை, பழைய வண்டியில் அதை மாற்றினால் கியர் பெட்டி கெட்டுவிடும் என்று அஞ்சுபவர்கள் பலர். இயந்திரத்தை இணைத்து அழுத்தத்தோடு மொத்தத்தையும் கழுவி எடுப்பதில்தான், பல்லாண்டுப் படிவு கிளம்பிச் சிறு வழிகளை அடைத்துவிடும் என்ற அச்சத்துக்கு நியாயமுண்டு. கீழேயுள்ள திருகைக் கழற்றித் தானாக வடிவதை மட்டும் வடித்து, அதே அளவு புதிதாக ஊற்றுவது பாதுகாப்பான முறை. எஞ்சின் விசையை எண்ணெய் வழியாகக் கியர் பெட்டிக்குக் கடத்தும் கன்வெர்ட்டருக்குள் இருப்பது வெளியே வராது என்பதால் பழைய எண்ணெய் பாதிக்கு மேல் உள்ளேயே தங்கிவிடும். எனவே சில வார இடைவெளி விட்டு இதையே திரும்பச் செய்ய வேண்டும். முதன்முறை வடித்தது கட்டங்காப்பிபோல் இருந்தது. அடுத்தடுத்து அது சிவந்து வந்ததும், கியர் மாறும்போது இருந்த சிறு இழுப்பு குறைந்ததும் கண்கூடு. வண்டியின் கையேட்டில் எழுதியுள்ள வகை எண்ணெயைத் தவிர வேறெதையும் ஊற்ற விடாதீர்கள். இரு பின்சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும், பின் அச்சிலுள்ள டிஃபரென்ஷியலுக்கும் தனி எண்ணெய் உண்டு. முன்சக்கர வண்டிகளுக்குப் பழகிய பட்டறைகள் அதை மறந்துவிடுவதால் நாமாகவே கேட்டு மாற்ற வேண்டும்.

எங்கள் பக்கத்துச் சாலைகளுக்கென்று சில தனிப் பராமரிப்புகள் உண்டு. மழைக்காலத்தில் செம்மண் தண்ணீர் பின் டிரம்முக்குள் புகுந்து மணலை விட்டுச்செல்லும். பிரேக் கிறீச்சிடும்போது டிரம்மைக் கழற்றித் துடைத்தால் போதும், பல நேரங்களில் புது லைனிங் தேவைப்படாது. செம்பனை மட்டையின் முள் டயரில் ஏறினால் காற்று மெதுவாகவே இறங்கும். காலையில் தட்டையாகக் கிடக்கும் டயரைப் பார்த்த பிறகுதான் தெரியும். 205/65 ஆர்15 அளவு டயர் பட்டணத்தின் எந்தக் கடையிலும் கிடைப்பது பெரும் ஆறுதல். கியரை ‘டி’க்குத் தள்ளும்போது வண்டியின் நடுவிலிருந்து ‘டக்’கென்று கேட்டால், பின்சக்கரங்களுக்கு விசை கொண்டுசெல்லும் நீண்ட தண்டின் இணைப்புகள் தேய்ந்திருக்கும். முன் சக்கரங்களைத் தாங்கும் கீழ்க் கையின் பந்து மூட்டுகளை (பால் ஜாயின்ட்) மாற்றுவதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் தள்ளிப்போடாதீர்கள். அது கழன்றால் சக்கரமே மடங்கும்.

ஓட்டத்தில் குறைகளும் உண்டு. பின்னால் ஆளேற்றாமல் ஓட்டினால் பின்பக்கம் துள்ளும். ஏழு பேர் ஏறியதும் அதே வண்டி அமைதியாகிவிடுகிறது. சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலைக்கு முழுச் சுமையோடு ஏறும்போது எஞ்சின் இரைச்சலிடும், பின்னால் வருபவர்கள் பொறுமை இழப்பார்கள். இறங்கும்போது கியரைக் குறைத்துவிட்டு எஞ்சினாலேயே வேகத்தைக் கட்டுப்படுத்தினால் பிரேக் சூடாகாமல் காக்கலாம். பின்வரிசைக்குத் தனியாகக் கூரையிலிருந்து ஏர்கோன் காற்று வருவதால், கைக்குழந்தையும் மூத்தவர்களும் நண்பகலிலும் களைப்பின்றி வருகிறார்கள். ஆனால் அந்தப் பின் ஏர்கோனின் குழாய்கள் வண்டிக்கு அடியில் ஓடுவதால், கசிவு தேடும்போது அங்கேயும் பார்க்கச் சொல்லுங்கள்.

எட்டு இருக்கை என்பதற்காகப் பத்துப் பேரை ஏற்றிச் செல்வதைத் திருவிழாக் காலங்களில் பார்க்கிறேன், மனம் பதறுகிறது. பின்னிருக்கைப் பட்டை 2009 முதலும், குழந்தைகளுக்கான இருக்கை 2020 முதலும் சட்டப்படி கட்டாயம். பழைய வண்டியில் பட்டைகளின் கொக்கி பெரும்பாலும் இருக்கைக்கு அடியில் புதைந்து கிடக்கும். எல்லாவற்றையும் தோண்டி எடுத்து, வேலை செய்யாததை மாற்றுங்கள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைக் கட்டணம் வாங்கிக்கொண்டு பள்ளிக்கு ஏற்றிச் செல்லலாம் என்ற எண்ணத்தில் இந்த வண்டியை வாங்குபவர்கள், தரைப் பொதுப் போக்குவரத்து முகவையான அபாட்டின் உரிமத்தை முதலில் பெற வேண்டும். தனியார் வண்டிக்கான காப்புறுதியோடு கட்டணத்துக்கு ஓட்டி விபத்து நேர்ந்தால், இழப்பீடு மறுக்கப்படலாம்.

எரிபொருளில் இது சிக்கனமான வண்டி அன்று. பட்டணமும் நெடுஞ்சாலையும் கலந்த ஓட்டத்தில் லிட்டருக்கு ஒன்பது கிலோமீட்டர் கிடைத்தால் திருப்தியடையலாம். 2025 செப்டம்பர் 30இல் குடிமக்களுக்கென அறிமுகமான லிட்டர் 1.99 ரிங்கிட் ரோன்95 பெட்ரோல் விலையில் கணக்கிட்டால்கூட, தனியாளாக நாள்தோறும் ஈப்போவுக்கு வேலைக்குச் சென்று திரும்புபவருக்குப் பெட்ரோலுக்கு மட்டும் ஏறத்தாழ 13 ரிங்கிட் ஆகும். அவருக்கு அல்சாவே நல்லது. வீட்டில் ஆறு பேருக்குமேல் இருந்து, வார நாளில் பள்ளிக்கும் கடைக்கும் மட்டும் எடுத்து, விடுமுறையில் எல்லோரும் ஒன்றாகக் கிளம்பும் குடும்பமாக இருந்தால், சீட்டுகளோடு வரும் மூன்று லட்சம் கிலோமீட்டர் இன்னோவாவைத் தயங்காமல் விலை பேசலாம்.